இருபத்தேழு தட்டு

பழைய எழுத்துருவில் வந்தது கோப்பு.
திறந்தால் ஒரு சொல்லும் தமிழில்லை.
முதல் தலைப்பு இருக்கவேண்டிய இடத்தில்
ஆங்கிலச் சிற்றெழுத்தும் அடைப்புக்குறியும் டாலர் குறியும்
டவுன் பஸ்ஸில்போல் நெருக்கியடித்து நின்றன.

யூனிகோடுக்கு மாற்றினேன்.
கொம்புகள் எழுத்தை விட்டு முன்னே தங்கிவிட்டன,
கால்கள் அடுத்த வரிக்குத் தனியே நடந்து போயின.
மெய் இல்லாத உயிர்க்குறிக்குக் கணினி
ஒரு புள்ளிவட்டம் போட்டுக் காட்டும்,
பந்தியில் இலை போட்டும் ஆள் வராத இடம் மாதிரி.
நூற்றுப் பதினெட்டு இலை.
உட்காரவைத்து முடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று.
மேலப்பாளையத்தில் அந்த வாரம் கரண்டு வேறு போய்ப்போய் வந்தது.

எழுதியவர் ஆறுமுகநயினார், பணகுடி.
காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பராமரிக்கிற வேலை.
அறுபத்தோரு கவிதை. ஒன்றிலும் காற்று என்ற சொல் கிடையாது.

"எத்தனை பக்கம் வரும் மேடம்?"
பக்கமே வராது என்றேன்.
படிக்கிறவர் எழுத்தைப் பெரிதாக்கினால் முந்நூறு,
சிறிதாக்கினால் எழுபது.
"பக்கம் இல்லாம ஒரு பொஸ்தகமா?"
கொஞ்சநேரம் போனில் ஏதோ சுற்றுகிற சத்தம் மட்டும்.
"சரி. வரியாவது நான் முறிச்ச எடத்துல முறியட்டும்."

அதுவும் முடியாது என்று எப்படிச் சொல்ல?
ஐந்தங்குலத் திரையில், எழுத்தைப் பெரிதாக்கினால்
'இறங்கிக்கொண்டிருக்கிறேன்' ஒற்றைச் சொல்லே மடங்கும்.
மடங்கிய துண்டை இரண்டெழுத்து உள்தள்ளி வைத்தேன்,
இதை முறித்தது திரை, அவரல்ல என்று தெரிய.
மேல்வரி 'ழூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்காமல்
வரிகளை விலக்கினேன்.
நாலு எழுத்துரு பார்த்தேன். ஒன்றில் 'ற' கூனியிருந்தது.
ஒன்று கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் ஆகும்.

பிறகு எல்லாரும் செய்வதுதான்:
தேடு, இரட்டை இடைவெளி. மாற்று, ஒற்றை.
நாலாயிரத்துச் சொச்சம் வெற்றிடம்
ஒரே தட்டில் போயிற்று.
கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது கோப்பு. எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் விடியுமுன் போன்.
"முப்பத்திநாலாவதுல எடம் விட்டிருந்தேனே, எங்க போச்சு?"
எந்த இடம்?
"ஸ்பேனர் நழுவுதுன்னு இருக்கும் பாருங்க, அதுக்கப்புறம்.
இருபத்தேழு தட்டு. எண்ணித்தான் தட்டுனேன்."

எண்பது மீட்டர் உயரம். கை வழுக்கியிருக்கிறது.
கீழே மாடு மேய்கிறது,
மாட்டுக்காரப் பையன் குனிந்து செருப்பு வாரை மாட்டுகிறான்.
சத்தம் மேலே வர நாலு விநாடிக்குக் கொஞ்சம் கூட.
"அதுக்குள்ள நான் ஒண்ணும் நெனைக்கல மேடம். ஒண்ணுமே.
அந்த ஒண்ணுமில்லாததத்தான் தட்டி வச்சேன்.
அதப் போயி தொடச்சிட்டியளே."

இருபத்தேழையும் திரும்பத் தட்டினேன்.
மின்னூல் அதை ஒன்றாகச் சுருட்டிக்கொண்டது.
உடையாத வெற்றிடம் வைத்தேன்,
திரையின் வலது ஓரம் தாண்டிப் போய்விட்டது.
அளந்து வைத்தேன்,
எழுத்தைப் பெரிதாக்கியதும் அடுத்த சொல் ஏதோ கிணற்றுக்குள்.

கடைசியில் 'நழுவுகிறது' முடிந்ததும்
பக்கத்தை வெட்டினேன்.
மிச்சம் அடுத்த திரையில்.
விரலால் தள்ளினால்தான் சத்தம் வரும்.
ஒருவர் அரை விநாடியில் தள்ளுவார்,
ஒருவர் அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

"போனா?"
போனால், அவர் வருகிறவரை விழுந்துகொண்டேயிருக்கும்.
அவர் சிரிக்கவில்லை.
"இருக்கட்டும்" என்றார்.

தம்பியின் விரிசல் விழுந்த போனில் ஏற்றி
நாகர்கோவில் பஸ்ஸில் சோதித்துக்கொண்டு போனேன்.
வள்ளியூர் தாண்டியதும் ஜன்னல் ஷட்டர்கள் தடதடத்தன.
அடுத்த திரையில் என்ன வரும் என்று தெரியும்,
வைத்தவளே நான்தான்.
ஆனாலும் கட்டைவிரல் நின்றது,
காவல்கிணறு வரைக்கும்.

ஐம்பத்தெட்டாவதில்
இன்னும் ஒரு இலை காலியாகக் கிடக்கிறது.
இறங்கியதும் சொல்லவேண்டும்.